சுண்டெலி, எலிக் கூண்டுகளில் நலக்குறைவு: அறிகுறி வாரியாகக் காரணம் கண்டறியும் வழிமுறை

விலங்குக்கூடத்தில் நாள்தோறும் கூண்டுகளைப் பார்வையிடும் பராமரிப்பாளருக்காகவும், தம் ஆய்வுக்குரிய விலங்குகளைத் தாமே கவனித்துக்கொள்ளும் ஆய்வு மாணவருக்காகவும் இந்த வழிமுறை எழுதப்படுகிறது. விலங்குக்கூடங்களில் ஒரே வகைக் குறைகள்தாம் மீண்டும் மீண்டும் வருகின்றன. ஆனாலும் ஒவ்வொரு முறையும் புதிய நோயையோ ஆய்வு மருந்தின் விளைவையோ முதலில் சந்தேகித்துவிட்டு, கடைசியில் தண்ணீர் பாட்டிலின் முனை அடைத்திருந்தது என்று கண்டறிவது வழக்கமாகிவிட்டது. எனவே ஒவ்வோர் அறிகுறிக்கும் எளிதில் சரிபார்க்கக்கூடிய காரணத்தில் தொடங்கி, ஆய்வகப் பரிசோதனை தேவைப்படும் காரணம் வரை வரிசைப்படுத்தியிருக்கிறேன். இங்கே பேசப்படுபவை சுண்டெலியும் எலியும் மட்டுமே. முயலுக்கும் கினிப் பன்றிக்கும் அறிகுறிகள் வேறு, அவசரத்தின் அளவும் வேறு.

இந்த வரிசை காரணத்தைத் தேடுவதற்கு மட்டுமே பொருந்தும். விலங்கு வலியில் இருக்கலாம் என்ற ஐயம் எழுந்த உடனே வலி நீக்கும் ஏற்பாட்டைத் தொடங்க வேண்டும். காரணம் தெரியட்டும் என்று அதைத் தள்ளிவைக்கக் கூடாது. மனிதருக்கு வலி தரும் ஒன்று, மாற்றுச் சான்று இல்லாதவரை, எலிக்கும் வலி தரும் என்று கொள்வதே சரியான தொடக்கம்.

## கூண்டைத் திறப்பதற்கு முன்

சுண்டெலியும் எலியும் இரையாகும் விலங்குகள். ஆள் நெருங்கியதும் நோயை மறைத்துக்கொண்டு இயல்பாக இருப்பதுபோல் நடந்துகொள்ளும். ஆகவே கூண்டை இழுத்து, மூடியைத் திறந்து, கையில் எடுத்த பிறகு செய்யும் மதிப்பீடு பாதி மதிப்பீடுதான். முதலில் சற்றுத் தள்ளி நின்று, எத்தனை விலங்குகள் கூட்டுக்குள் உள்ளன, எது தனியாக ஒதுங்கியிருக்கிறது, படுக்கைத் துகள் ஈரமாக இருக்கிறதா, பாட்டிலில் நீர்மட்டம் நேற்றையதைவிடக் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். அதன் பிறகு மூடியைத் திறந்து, எவை விழித்து நகர்கின்றன என்று கவனியுங்கள். கையில் எடுப்பது கடைசி வேலை.

எடுக்கும்போது வாலைப் பிடித்துத் தூக்க வேண்டாம். வாலைப் பிடித்துத் தூக்கப்பட்ட சுண்டெலிகள் மனிதக் கையைத் தவிர்ப்பதையும் கூடுதல் பதற்றத்துடன் நடந்துகொள்வதையும், குழாய்க்குள் நுழையவிட்டோ இரு கைகளையும் குவித்து ஏந்தியோ எடுக்கப்பட்டவை அவ்வாறு நடந்துகொள்ளாததையும் 2010இல் வெளியான ஓர் ஆய்வு தெளிவாகக் காட்டியது. பதற்றமாக இருக்கும் விலங்கில் நலக்குறைவைப் பிரித்தறிவது கடினம்; எடுக்கும் முறையைத் திருத்திய பிறகே கீழுள்ள சோதனைகள் பயன் தரும்.

கீழ்க்கண்ட நிலையில் உள்ள விலங்கைக் கண்டால் இந்த வழிமுறையில் மேலே படிக்காமல் கால்நடை மருத்துவரை அழையுங்கள்: தொட்டாலும் நகராதது, தொடும்போது உடல் குளிர்ந்திருப்பது, வாய் திறந்து மூச்சு வாங்குவது, வலிப்பு, தையல் பிரிந்து உள்ளுறுப்பு தெரிவது, நிற்காத இரத்தப்போக்கு, தீவனத்தையும் தண்ணீரையும் எட்டவே முடியாத அளவுக்குக் கால் செயலிழந்திருப்பது. மருத்துவர் வரும்வரை அதைத் தனிக் கூண்டில் வைத்து, கூண்டின் ஒரு பாதிக்கு மட்டும் கீழிருந்து இளஞ்சூடு கிடைக்கச் செய்யுங்கள். முழுக் கூண்டையும் சூடாக்கினால் விலங்கு விலகிப்போக இடமிருக்காது.

## அறிகுறி: முதுகு கூனி, மயிர் சிலிர்த்து, ஓரமாக உட்கார்ந்திருக்கிறது

அடிக்கடி வருவதும் பொருள் மிகவும் விரிந்ததுமான அறிகுறி இது. குளிர், தாகம், வலி, தொற்று, கட்டி என எல்லாமே இந்த ஒரே தோற்றத்தைத் தரும். எனவே தோற்றத்தைக் கொண்டு முடிவு செய்யாமல், எங்கே, எப்போது, எத்தனை விலங்குகளில் காணப்படுகிறது என்பதிலிருந்து பிரித்துச் செல்ல வேண்டும்.

### கூண்டிலுள்ள எல்லா விலங்குகளும் அப்படி இருந்தால்

முதலில் தண்ணீர். பாட்டில் நிரம்பியிருப்பது தண்ணீர் வருகிறது என்பதற்குச் சான்றாகாது. முனையில் காற்று அடைத்துக்கொண்டாலும், உள்ளிருக்கும் உருண்டை சிக்கிக்கொண்டாலும் நீர் வராது. விரலால் முனையைத் தட்டி, சொட்டு வருகிறதா என்று பாருங்கள். தானியங்கிக் குழாய் உள்ள அடுக்காக இருந்தால், வால்வை அழுத்தி நீர் வருவதைக் கண்ணால் உறுதிசெய்யுங்கள். வளர்ந்த சுண்டெலி நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 முதல் 6 மில்லிலிட்டர் நீர் குடிக்கும்; ஐந்து விலங்குகள் உள்ள கூண்டில் நீர்மட்டம் ஒரு நாள் முழுவதும் அசையாமல் இருந்தால் அதுவே விடை. கழுத்துப் பின்புறத் தோலை மெல்ல இழுத்து விட்டால் உடனே படியாமல் மேடாக நிற்பது நீரிழப்பைக் காட்டும்.

அடுத்தது இதற்கு நேர் எதிரான குறை. பாட்டில் கசிந்து படுக்கை நனைந்திருந்தால், நனைந்த சுண்டெலி மிக விரைவாக உடற்சூட்டை இழக்கும். ஓர் இரவுக்குள் முழுக் கூண்டும் இறக்கக்கூடும். உலர்ந்த கூண்டுக்கு மாற்றி, கூடு கட்டும் பொருளை நிறையக் கொடுத்து, இளஞ்சூடு காட்டுங்கள்.

மூன்றாவது, அறையின் குளிர். விலங்குக்கூட அறைகள் பொதுவாக 20 முதல் 26 டிகிரி செல்சியஸில் வைக்கப்படுகின்றன. அது கவச உடை அணிந்து வேலை செய்யும் மனிதருக்கு இதமானது. சுண்டெலிக்குக் கூடுதல் ஆற்றல் செலவின்றி உடற்சூட்டைக் காக்க 30 டிகிரியை ஒட்டிய வெப்பம் தேவை. இந்த இடைவெளியை அது கூடு கட்டியும் ஒன்றோடொன்று ஒட்டிப் படுத்தும் ஈடுசெய்கிறது. கூடு கட்டும் பொருள் இல்லாத கூண்டில், அதிலும் காற்றோட்டக் கூண்டு அடுக்கில் காற்று நேரே வீசும் இடத்தில், நோயே இல்லாமல் விலங்குகள் கூனிச் சிலிர்த்து நிற்பதுண்டு. ஒரு கூண்டுக்குச் சில கிராம் அளவிலாவது கிழித்துக் கட்டக்கூடிய காகிதமோ பஞ்சோ கொடுத்துவிட்டு மறுநாள் காலை பாருங்கள். மாற்றம் தெரிந்தால் அதே அடுக்கிலுள்ள எல்லாக் கூண்டுகளுக்கும் கொடுங்கள்.

இந்த மூன்றும் இல்லையென்றால் தொற்றைக் கருத வேண்டும். கூண்டை வேறு இடத்துக்கு நகர்த்தாமலும், கையுறையை மாற்றும்வரை அடுத்த கூண்டைத் தொடாமலும், மருத்துவரை அழையுங்கள்.

### ஒரே ஒரு விலங்கு மட்டும் அப்படி இருந்தால்

உடற்கட்டு மதிப்பெண்ணைப் பாருங்கள்; இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். இடுப்புக்கு மேலுள்ள முதுகெலும்பில் விரலை வைத்துத் தடவினால், எலும்புகள் தட்டுப்பட்டும் துருத்தாமலும் இருந்தால் 3. கணுக்கள் தனித்தனியாகத் தெரிந்தால் 2. எலும்புக்கூடு வெளிப்படையாகத் துருத்தினால் 1. இரண்டும் அதற்குக் கீழும் இருந்தால் அன்றே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். மூன்றாக இருந்தால் பற்கள், வயிறு, ஆசனவாய், பாதங்கள் என்ற வரிசையில் பாருங்கள். ஆணாக இருந்தால் பின்புறத்தையும் பிறப்புறுப்பையும் தவறாமல் பாருங்கள். மயிருக்குள் மறைந்த கடிகாயங்கள் அங்கேதான் இருக்கும்.

### அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அப்படி இருந்தால்

வலி என்றே எடுத்துக்கொண்டு தொடங்குங்கள். முகத்தைப் பார்க்கும் மதிப்பீட்டு முறை 2010இல் சுண்டெலிக்கும், அடுத்த ஆண்டு எலிக்கும் வெளியானது. சுண்டெலியில் கண் இறுக்கம், மூக்குப் புடைப்பு, கன்னப் புடைப்பு, காதின் நிலை, மீசையின் நிலை என ஐந்து கூறுகளுக்கும் தனித்தனியே 0, 1, 2 என மதிப்பெண் தரப்படுகிறது. எலியில் மூக்கும் கன்னமும் ஒரே கூறாகக் கொள்ளப்படுகின்றன. அதில் புடைப்புக்குப் பதிலாகத் தட்டையாவதே வலியின் அடையாளம் என்பதால் இரண்டு விலங்குக்கும் ஒரே படத்தாளைப் பயன்படுத்தக் கூடாது. எலியில் முகத்தோடு உடலையும் பாருங்கள்: முதுகை வளைத்து நெளிப்பது, வயிற்றைத் தரையில் அழுத்துவது, விலாப்புறம் துடிப்பது, நடக்கையில் தடுமாறுவது ஆகியவை வயிற்று அறுவைக்குப் பிந்தைய வலியில் காணப்படுகின்றன.

மதிப்பெண் உயர்ந்திருந்தால் அடுத்துப் பார்க்க வேண்டியது மருந்துப் பதிவேடு. கடைசி ஊசி எப்போது போடப்பட்டது, குறித்த இடைவெளி கடந்துவிட்டதா, எடைக்கேற்ற அளவில் கொடுக்கப்பட்டதா என்று பாருங்கள். சுண்டெலியின் உடல் மருந்துகளை மிக விரைவில் வெளியேற்றுவதால், மாலையில் போட்ட ஊசி மறுநாள் காலை வரை தாங்கும் என்று கருதுவது பெரும்பாலும் தவறு. பதிவேடு சரியாக இருந்தும் வலி தெரிந்தால் அளவையோ மருந்தையோ மாற்றுவது மருத்துவரின் முடிவு.

இங்கே குழப்பம் தரும் மூன்று நிலைகள் உண்டு. மயக்கம் முழுவதும் தெளியாத விலங்கும் அரைத்தூக்கத்திலுள்ள விலங்கும் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் இருக்கும். எனவே விழித்திருக்கும் நேரத்தில் மட்டும் மதிப்பெண் இடுங்கள். பியூப்ரெனார்பின் என்ற வலி நீக்கி மருந்தைப் பெற்ற எலி படுக்கைத் துகளைத் தின்னக்கூடும். அது வலியின் அடையாளமன்று, மருந்தின் பக்கவிளைவு. ஆனாலும் குடலில் அடைப்பு ஏற்படாதபடி கவனிக்க வேண்டும். அதே மருந்து சுண்டெலியை ஓயாமல் ஓடவைக்கும். அந்த ஓட்டத்தைக் கண்டு நலமடைந்துவிட்டது என்று குறித்துவிடக் கூடாது.

## அறிகுறி: எடை குறைந்துகொண்டே வருகிறது

தராசைச் சரிபார்ப்பதும், ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் நிறுப்பதும் முதல் வேலை. காலையில் நிறுத்த எடையையும் மாலையில் நிறுத்த எடையையும் ஒப்பிட்டால் இல்லாத குறை தெரியும்.

எடை உண்மையிலேயே குறைந்திருந்தால், தீவனக் கூடையில் தீவனம் இருந்தும் எட்டவில்லையா என்று பாருங்கள். பெரிய துண்டுகள் கம்பிகளுக்கிடையே சிக்கிக்கொள்வது சாதாரணம். 21 நாள் வயதில் தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட சிறு சுண்டெலிகளுக்குக் கூடையும் பாட்டில் முனையும் உயரமாக இருக்கும். அவற்றுக்குச் சில நாள்கள் ஊறவைத்த தீவனத்தைக் கூண்டின் தரையிலேயே வைக்க வேண்டும். அறுவைச் சிகிச்சைக்குப் பின்னுள்ள விலங்குக்கும் இதுவே முறை.

அடுத்து பற்கள். இவற்றின் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்கின்றன. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று தேய்க்காமல் விலகியிருந்தால் வளைந்து நீண்டு வாயைக் குத்தும். உதட்டை விலக்கிப் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். பல்லை வெட்டத் தெரிந்தவரே வெட்ட வேண்டும், மீண்டும் வளரும் என்பதால் தொடர்ந்து பார்த்துவர வேண்டும். இது பரம்பரையாகவும் வரும் என்பதால் அந்த விலங்கை இனப்பெருக்கத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டாம்.

பற்கள் சரியாக இருந்தால் கூண்டுத் தோழர்களைக் கவனியுங்கள். ஒன்று மட்டும் மெலிந்து மற்றவை கொழுத்திருந்தால் அதைத் தீவனத்தின் அருகே விடாமல் விரட்டுகின்றனவா என்று இருட்டு நேரத்தில் பார்க்க வேண்டும். எலிகள் நீண்ட அலைநீள ஒளியை மிகக் குறைவாகவே உணர்கின்றன என்பதால் மங்கலான சிவப்பு விளக்கில் அவற்றைக் குலைக்காமல் கவனிக்கலாம்.

இவற்றில் எதுவும் இல்லாதபோதே ஆய்வின் விளைவையோ உள்நோயையோ கருத வேண்டும். அப்போது எடையை எதனுடன் ஒப்பிடுகிறோம் என்பது முக்கியம். வளரும் வயதுள்ள விலங்கு தன் முந்தைய எடையிலேயே நின்றுவிட்டால், எடை குறையவில்லை என்று தாள் சொல்லும். அதே வயதுள்ள ஒப்பீட்டுக் குழுவுடன் வைத்துப் பார்த்தால் பெரிய இழப்பு தெரியும். கட்டி வளரும் விலங்கிலும், வயிற்றில் நீர் கோத்த விலங்கிலும் எடை ஏறிக்கொண்டே இருக்க உடல் உருகிக்கொண்டிருக்கும். அங்கே தராசை நம்பாமல் உடற்கட்டு மதிப்பெண்ணை நம்புங்கள். பல ஆய்வுத் திட்டங்களில் 20 விழுக்காட்டு எடை இழப்பு ஆய்வை நிறுத்தும் எல்லையாகக் குறிக்கப்படுகிறது. அது கடைசி எல்லை. பத்து விழுக்காட்டிலேயே மருத்துவரிடம் சொல்லி, ஒரு நாளைக்கு இருமுறை பார்க்கத் தொடங்குவதே விலங்குக்கு நியாயம் செய்யும் நடைமுறை.

## அறிகுறி: மயிர் உதிர்ந்திருக்கிறது, அல்லது தோலில் புண் இருக்கிறது

### தோல் வழுவழுப்பாக, காயமின்றி இருந்தால்

மீசையும் முகமயிரும் கத்தரித்ததுபோல் போயிருந்தால், கூண்டுத் தோழர் ஒன்று அவற்றைக் கடித்துப் பிடுங்குகிறது. கூண்டில் மீசை முழுமையாக இருக்கும் விலங்கு எது என்று பாருங்கள். பெரும்பாலும் அதுவே செய்கிறது. அதைப் பிரிப்பது பிறருக்கு உதவும், ஆனால் அந்த ஒன்று தனிமைக்குத் தள்ளப்படும். கூடு கட்டும் பொருளும் கொறிக்க மரத்துண்டும் கொடுத்துப் பார்த்துவிட்டுப் பிரிப்பது நல்லது. மீசை இழந்த விலங்குகளுக்கு இருட்டில் தடம் அறியும் திறன் குறைகிறது என்பதால் நடத்தை ஆய்வுகளில் அவற்றைச் சேர்க்கும் முன் ஆய்வாளரிடம் சொல்லிவிடுங்கள். மூக்கின் மேற்புறத்தில் மட்டும் மயிர் தேய்ந்திருந்தால் தீவனக் கூடையின் கம்பி உரசியிருக்கலாம்.

### பின்புறத்திலும் வாலிலும் காயங்கள் இருந்தால்

ஆண் சுண்டெலிகளின் சண்டை. காயமில்லாத ஒன்றை வெளியே எடுங்கள். சண்டைக்காரன் பெரும்பாலும் அதுதான். காயமடைந்ததை எடுத்துவிட்டுச் சண்டைக்காரனை விட்டுவைத்தால் அடுத்த நாள் வேறொன்று காயமடையும். வளர்ந்த ஆண்களை வெவ்வேறு கூண்டுகளிலிருந்து கொண்டுவந்து சேர்க்கவே கூடாது. இனப்பெருக்கத்துக்குக் கொண்டுசென்ற ஆணைப் பழைய தோழர்களிடம் திருப்பிவிடவும் கூடாது. சண்டை கூண்டு மாற்றிய நாளில் மட்டும் வருகிறது என்றால் மாற்றும் முறையைக் கவனியுங்கள்: பழைய கூட்டுப் பொருளைப் புதிய கூண்டுக்குக் கொண்டுசென்றால் சண்டை குறைகிறது, சிறுநீர் படிந்த மரத்தூளைக் கொண்டுசென்றால் கூடுகிறது. இந்த எளிய திருத்தத்தாலேயே அடங்கிவிட்ட கூண்டுகள் பல.

### கழுத்துக்குப் பின்னும் தோள்களுக்கு நடுவிலும் சொறிந்த புண் இருந்தால்

சி57பிஎல்/6 இனச் சுண்டெலிகளில் இது பரவலாக வரும் தோல் அழற்சி. வேகமாகப் பரவி ஆழமாகும் என்பதால் கண்ட அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். பின்னங்கால் நகங்களை வெட்டிவிடுவது பல விலங்குகளில் புண் ஆற உதவுகிறது. சொறிதலே புண்ணை வளர்ப்பதால் இது வியப்பில்லை. வேறு இனங்களிலும் சொறிதல் தெரிந்தால் மயிர்ச் சிற்றுண்ணிகளைத் தேட வேண்டும். ஒளிபுகும் ஒட்டுநாடாவை மயிரில் ஒட்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் போதும். அவை இருந்தால் ஒரு கூண்டோடு நிற்காது. முழு அறைக்கும் மருத்துவம் தேவைப்படும், செலவும் அதற்கேற்ப.

## அறிகுறி: எலியின் கண்ணையும் மூக்கையும் சுற்றிச் சிவப்புக் கறை

இது இரத்தம் அன்று. கண்ணுக்குப் பின்னுள்ள சுரப்பியிலிருந்து வரும் போர்பிரின் என்ற நிறமி. புற ஊதா விளக்கில் ஒளிர்வதைக் கொண்டு உறுதிசெய்யலாம். மன அழுத்தமோ நோயோ உள்ள எலி தன்னைச் சுத்தம் செய்துகொள்வதை விட்டுவிடும்போது இந்தக் கறை தங்குகிறது.

கண்ணில் தூசியோ துகளோ விழுந்திருக்கிறதா, படுக்கைத் துகள் மாற்றப்பட்டதா என்று முதலில் பாருங்கள். அடுத்து அம்மோனியா: கூண்டை மாற்றி நாளாகியிருந்தால், எலியின் மூக்கு இருக்கும் உயரத்தில் அதன் செறிவு அறையில் நாம் உணர்வதைவிடப் பல மடங்கு கூடுதலாக இருக்கும். கூண்டை மாற்றி இரண்டு நாள் பார்க்கலாம். அண்மையில் இடம் மாற்றம், தனிமை, அருகில் கட்டட வேலை ஏதேனும் இருந்ததா என்றும் கேளுங்கள். கறையோடு கழுத்தும் வீங்கியிருந்தாலோ, தும்மலும் மூச்சில் இரைச்சலும் இருந்தாலோ, பல கூண்டுகளில் ஒரே நேரத்தில் தெரிந்தாலோ, உமிழ்நீர்ச் சுரப்பியையும் கண்ணீர்ச் சுரப்பியையும் தாக்கும் வைரஸ், மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியா ஆகியவற்றுக்கான பரிசோதனை தேவை. அது மருத்துவரின் வேலை.

## அறிகுறி: ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்கிறது

தலையை ஒருபுறம் சாய்த்துக்கொண்டு ஒரே திசையில் சுற்றினால் அது உட்காதுத் தொற்றாகவோ மூளைக் குறையாகவோ இருக்கலாம், மருத்துவரை அழையுங்கள். தலை நேராக இருந்து, கம்பியைக் கடித்துக்கொண்டே இருப்பது, பின்புறமாகக் குட்டிக்கரணம் அடிப்பது, மூடியில் ஒரே பாதையில் ஓடிக்கொண்டே இருப்பது ஆகியவை கூண்டின் வறுமையைக் காட்டுகின்றன. கூடு கட்டும் பொருள், ஒளிந்துகொள்ளும் இடம், குழாய், கொறிக்கும் மரம் என ஒவ்வொன்றாகச் சேருங்கள். இளம் வயதில் சேர்த்தால் பலன் தெரியும். வேரூன்றிய பழக்கம் பின்னால் முழுவதும் மறைவது அரிது. ஆகவே ஒரு விலங்கில் கண்டால், அதே அடுக்கில் அடுத்து வளர்ந்துவரும் கூண்டுகளைத் திருத்துவதே உண்மையான சிகிச்சை. இவை இருட்டு நேரத்தில்தான் மிகுதியாக நடக்கும் என்பதால் பகலில் மட்டும் பார்ப்பவர் கண்ணில் படாமலே போகும்.

## அறிகுறி: கூடு கட்டவில்லை

பலர் பொருட்படுத்தாத அறிகுறி; என் கணிப்பில், மிகக் குறைந்த உழைப்பில் மிகுந்த செய்தி தருவதும் இதுவே. மாலையில் புதிய கூட்டுப் பொருள் வைத்து, காலையில் 1 முதல் 5 வரை மதிப்பெண் இடலாம்: தொடாமலே கிடந்தால் 1, உயர்ந்த சுவருடன் முழுக் கூடாக இருந்தால் 5. விரைவாகப் பார்க்க வேண்டுமானால் சிறிதளவு பொருளைக் கூண்டில் போட்டு, 10 நிமிடத்துக்குள் பழைய கூட்டோடு சேர்க்கின்றனவா என்று கவனியுங்கள்.

கட்டவில்லை என்றால் முதலில் அறை மிகவும் சூடாக இருக்கிறதா, கொடுத்த பொருள் கிழித்துக் கட்டத் தக்கதா என்று பாருங்கள். நேற்று வரை கட்டியது இன்று நிறுத்திவிட்டது என்றால் வலி, காய்ச்சல் இரண்டையும் தேடுங்கள். முகத்தில் எதுவும் தெரியாத நிலையிலும் கூடு சொல்லிவிடும்.

## அறிகுறி: பிறந்த குட்டிகள் குறைந்துகொண்டே வருகின்றன

தாய் தின்றுவிட்டது என்று அட்டையில் எழுதுவதற்கு முன், குட்டிகள் முதலில் இறந்திருக்கலாம் என்பதைக் கருதுங்கள். இறந்த குட்டியைத் தாய் தின்பது இயல்பு. உயிருடன் உள்ள குட்டிகளின் வயிற்றில் தோலினூடே வெள்ளையாகப் பால் தெரிகிறதா என்று பாருங்கள். பால் தெரியவில்லையென்றால் தாயின் தண்ணீர், தீவனம், கூட்டுப் பொருள் ஆகியவற்றைச் சரிபாருங்கள். பிறந்த முதல் இரண்டு மூன்று நாள்களில் கூண்டு மாற்றாதீர்கள், அடுக்கை நகர்த்தாதீர்கள், அருகில் தள்ளுவண்டியை உருட்டாதீர்கள். முதல் ஈற்றில் மட்டும் இழப்பு என்றால் இரண்டாவது ஈற்றைப் பார்த்து முடிவு செய்யலாம். இரண்டிலும் இழப்பு என்றால் வளர்ப்புத் தாயை ஏற்பாடு செய்வது பற்றியும் தொற்றுப் பரிசோதனை பற்றியும் மருத்துவரிடம் பேசுங்கள்.

## அறிகுறி: ஒரே வாரத்தில் பல கூண்டுகளில் பலவித மாற்றங்கள்

கூண்டுகளை விட்டுவிட்டு அறையைப் பாருங்கள். விளக்கின் நேரக்கருவி இரவிலும் எரியவிடுகிறதா, கதவிடுக்கின் வழியே வெளிச்சம் வருகிறதா, ஈரப்பதம் 30 முதல் 70 விழுக்காட்டுக்குள் இருக்கிறதா, தீவன மூட்டையின் தொகுதி எண் மாறியிருக்கிறதா, புதிதாக வேலைக்கு வந்தவர் யார் என்று வரிசையாகக் கேளுங்கள். ஈரப்பதம் மிகக் குறைந்தால் எலிக்குட்டிகளின் வாலில் வளைய வளையமாக இறுக்கங்கள் தோன்றும். மேல் தட்டிலுள்ள வெள்ளை விலங்குகளுக்கு மிகையான வெளிச்சம் விழித்திரையைக் கெடுக்கும்.

ஒலியைத் தனியே தேட வேண்டும், ஏனெனில் நம் காது அதற்கு உதவாது. மனிதர் 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கேட்பதில்லை. சுண்டெலியும் எலியும் 80 கிலோஹெர்ட்ஸ் அளவுக்குக் கேட்கும். எலிகள் 22 கிலோஹெர்ட்ஸ் அளவில் எழுப்பும் அச்சக் குரலும் நமக்குக் கேட்காது. சொட்டும் குழாய், கணினித் திரை, பழைய குழல்விளக்கு, உலர்ந்த சக்கரம் ஆகியவை நமக்கு அமைதியாகத் தோன்றும் அறையை அவற்றுக்கு இரைச்சலாக்கும். மீயொலி உணரும் கருவியை ஒரு நாள் இரவல் வாங்கி அறையைச் சுற்றிவருவது, காரணம் தெரியாமல் மாதக்கணக்கில் இனப்பெருக்கம் குலைவதைவிட மலிவானது.

## அறிகுறி: மதிப்பெண் தாள் முழுவதும் சுழியம், ஆனால் விலங்கு இறந்து கிடக்கிறது

இங்கே குறை தாளில் இருக்கிறது. அடுக்கடுக்காக ஆராயுங்கள்.

தாள் எப்போது நிரப்பப்படுகிறது? காலையில் விலங்குகள் தூங்கும் நேரத்தில் ஒரே ஒரு முறை என்றால், அவை விழித்து இயங்கும் நேரத்தைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியாது. நோய் தீவிரமாகக்கூடிய நாள்கள் ஆய்வுத் திட்டத்திலிருந்தே தெரியும். அந்த நாள்களில் மாலைப் பார்வை ஒன்றைச் சேருங்கள், விடுமுறை நாள்களும் அதில் அடங்கும்.

தாளில் என்ன கேட்கப்படுகிறது? எல்லா ஆய்வுக்கும் ஒரே தாள் பொருந்தாது. மூட்டழற்சி ஆய்வில் பாதத்தின் வீக்கமும் பாட்டிலை எட்டும் திறனும், கட்டி ஆய்வில் கட்டியின் அளவும் மேற்புண்ணும் உடற்கட்டும், குடலழற்சி ஆய்வில் கழிவின் தன்மையும் இருக்க வேண்டும். முக மதிப்பீடு நிமிடங்கள் முதல் ஓரிரு நாள்கள் வரையிலான வலியை நன்றாகப் பிடிக்கும். வாரக்கணக்கில் நீளும் வலியில் அதை மட்டும் நம்பினால் சுழியம்தான் கிடைக்கும்.

யார் நிரப்புகிறார்? ஒரே கூண்டை இருவர் தனித்தனியே பார்த்து மதிப்பெண் இட்டு ஒப்பிடுங்கள். வேறுபாடு பெரிதாக இருந்தால் படங்களை வைத்துச் சேர்ந்து பயிற்சி பெற வேண்டும். 2014இல் வெளியான ஓர் ஆய்வில், ஆண் ஆய்வாளரோ அவர் அணிந்த சட்டையோ அருகில் இருந்தபோது சுண்டெலிகளும் எலிகளும் வலியைக் குறைவாகக் காட்டின. அச்சத்தால் எழும் அழுத்தம் வலியை அடக்கியதே அதற்குக் காரணம். ஆகவே யார் பார்த்தார் என்பதையும் தாளில் குறிக்க வேண்டும், அறைக்குள் வந்து சற்று நேரம் கழித்தே மதிப்பெண் இடத் தொடங்க வேண்டும்.

மதிப்பெண்ணுக்குப் பின் என்ன நடக்கிறது? எந்த எண்ணில் யாரை அழைப்பது, எந்த எண்ணில் வலி நீக்கி கொடுப்பது, எந்த எண்ணில் விலங்கைக் கருணையுடன் உயிர்நீக்கம் செய்வது என்பவை ஆய்வு தொடங்கும் முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுதப்படாதபோது பராமரிப்பாளர் ஆய்வாளரின் அனுமதிக்காகக் காத்திருக்கிறார், ஆய்வாளர் இன்னும் ஓர் அளவீடு வேண்டும் என்று காத்திருக்கிறார், அந்த நேரம் முழுவதையும் விலங்கு வலியில் கழிக்கிறது. ஆய்வாளரை அடைய முடியாத இரவில் மருத்துவரே முடிவெடுக்கலாம் என்ற வரியைத் தாளிலேயே சேர்த்து, ஆய்வாளரின் கையொப்பத்தை முதல் நாளே வாங்கிவிடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் எச்சரிக்கையின்றி விலங்குகள் இறந்தால், இறந்த உடலைக் குளிர்பதனப் பெட்டியில், உறையவிடாமல், வைத்துவிட்டு மருத்துவரிடம் உடற்கூறாய்வு கேளுங்கள். உறைந்தால் திசுக்கள் சிதைந்து, நுண்ணோக்கியில் காரணம் காண்பது கடினமாகும். உடலோடு கூண்டு அட்டையையும், கடைசி இரு வார எடைப் பதிவையும், அதே கூண்டில் உயிருடன் உள்ள மற்றவற்றின் நிலையையும் சேர்த்துக் கொடுங்கள். முடிவு வரும்வரை அந்த ஆய்வில் புதிய விலங்குகளைச் சேர்க்க வேண்டாம்.